மூன்றாம் நாள் என்றால் எந்த நாள்

பிப்ரவரி 3, செவ்வாய்

பெறுநர்: மெய்ப்புத் திருத்தும் பிரிவு, காலண்டர் அச்சகம்

மதிப்பிற்குரிய மெய்ப்புத் திருத்துநர் அவர்களுக்கு,

சுரங்கப்பாதை வேலை நடக்கும் முகாமின் மருந்தகத்திலிருந்து செவிலியர் எழுதுவது. இது அலுவல் கடிதம். இதில் குடும்ப விஷயம் எதுவும் இல்லை. பதிலிலும் இருக்க வேண்டியதில்லை.

மலையைக் குடைகிறவர்கள், மண் அள்ளுகிறவர்கள், அவர்களுக்குச் சமைத்துப் போடுகிறவர்கள் என்று இங்கே மூன்று மொழிக்காரர்கள் இருக்கிறார்கள். யார் கணக்கிலும் வராத நாய்களும் இருக்கின்றன. நாய்க்கடி ஊசி ஒன்றோடு முடியாது. முதல் ஊசிக்குப் பிறகு மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினாலாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று போட வேண்டும். அந்த நோய் வந்துவிட்டால் அப்புறம் மருந்தே கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும்.

நானும் தொண்டை கிழியச் சொல்கிறேன், "மூணாம் நாள் வாங்க" என்று. அவரவர் மொழியிலேயே சொல்லவும் கற்றுக்கொண்டேன். எல்லோரும் தலையை ஆட்டுகிறார்கள். ஒருவர் முந்தின நாளே வந்து நிற்கிறார். இன்னொருவர் ஐந்து நாள் கழித்து, சிரித்த முகத்தோடு வந்து, "சொன்ன நாள்ல கரெக்டா வந்துட்டேன் சிஸ்டர்" என்கிறார். தேதி எழுதிக் கொடுத்தும் பார்த்துவிட்டேன். சமையல் கூடத்தில் மூன்று காலண்டர் தொங்குகிறது. மூன்றிலும் இன்றைக்கு வேறு வேறு தேதி. இவர்களுடைய அலட்சியத்துக்கு நான் என்ன மருந்து கொடுப்பேன்?

எல்லோருக்கும் புரியும்படி ஓர் அட்டை அச்சிட்டுத் தர முடியுமா? செலவை முகாம் நிர்வாகம் ஏற்கும்.

இப்படிக்கு,
செவிலியர்

பி.கு. ஆண்டுதோறும் மருந்தகத்துக்கு வரும் காலண்டர் இந்த ஆண்டும் வந்தது. கிடைத்தது என்ற தகவலுக்காக மட்டும் எழுதுகிறேன்.

-

பிப்ரவரி 8, ஞாயிறு

மதிப்பிற்குரிய செவிலியர் அவர்களுக்கு,

தங்கள் அலுவல் கடிதம் கிடைத்தது. அலுவல் கடிதத்தில் 'உடம்பு எப்படி இருக்கிறது, வேளைக்குச் சாப்பிடுகிறாயா' என்றெல்லாம் கேட்கும் வழக்கம் இல்லை. ஆகவே நான் கேட்கவில்லை. கேட்காததைத் தயவுசெய்து கவனத்தில் கொள்ளவும்.

எவ்வளவு நேரம்தான் தாங்கள், தங்கள் என்று எழுதுவது? கை வலிக்கிறது. நீ என்றே எழுதிவிடுகிறேன். இரண்டு வருடம் கழித்து நாத்தனாரிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது, கோபித்துக்கொண்டு வந்திருந்தாலும் கடிதம் கடிதம்தான்.

ஐந்து நாள் கழித்து வந்தவருக்கு முதல் ஊசி வெள்ளிக்கிழமையா போட்டாய்? அப்படியானால் அவர் புதன்கிழமை வந்திருப்பார். நான் ஜோசியம் பார்க்கவில்லை. சில மொழிகளில் கிழமைகளுக்குப் பெயரே எண்தான். முதல் நாள், இரண்டாம் நாள், மூன்றாம் நாள் என்றே போகும். திங்களிலிருந்து எண்ணுகிறவர்களுக்கு மூன்றாம் நாள் புதன். ஞாயிறிலிருந்து எண்ணுகிற மொழியும் உண்டு, அங்கே மூன்றாம் நாள் செவ்வாய். நீ மூன்றாம் நாள் வரச் சொன்னாய், அவர் அடுத்த மூன்றாம் நாள் வரை பொறுமையாகக் காத்திருந்து வந்திருக்கிறார். அவரைப் போய் அலட்சியம் என்கிறாய்.

நாம் அந்த வம்பே வேண்டாமென்று கிழமைகளை வானத்தில் இருப்பவர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டோம். சூரியனுக்கு ஒன்று, நிலாவுக்கு ஒன்று, செவ்வாய்க்கு ஒன்று. கிழமை என்ற சொல்லுக்கே உரிமை என்று ஒரு பொருள் இருக்கிறது. அதில் திங்கள் பாடுதான் பாவம். நிலாவுக்கும் அதே பெயர், மாதத்துக்கும் அதே பெயர், கிழமைக்கும் அதே பெயர். ஒரே ஆள் மூன்று ஷிப்ட் பார்க்கிறது.

சமையல் கூடத்துக் காலண்டர்கள் மூன்றும் சரியாகத்தான் இருக்கும். அவற்றில் ஒன்றிரண்டை நானே திருத்தியிருப்பேன். நிலாவைப் பார்த்து மாதத்தை எண்ணுகிறவர்களுக்கு வருடம் பத்துப் பதினோரு நாள் குறைவாகவே வந்து நிற்கும். சிலர் அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை, மாதங்களை வெயிலிலும் மழையிலும் சுற்ற விட்டுவிடுவார்கள். சிலர் மூன்று வருடத்துக்கு ஒரு தடவை போல ஒரு மாதத்தைக் கூடுதலாகச் சேர்த்துச் சரிக்கட்டுவார்கள். அப்படி ஒரு வருடம் ஒரே பெயரில் இரண்டு மாதம் அடுத்தடுத்து வந்தது. எங்கள் எந்திரக்காரர் அச்சுப் பிழை என்று நினைத்து ஒன்றை எடுத்துவிட்டார். ஒரு மாதத்தையே காணாமல் அடித்த மனிதர் இன்னும் இங்கேதான் வேலை பார்க்கிறார், என்னையே காலண்டர் தெரியாதவள் என்கிறார்.

முந்தின நாளே வந்து நிற்கிறவரும் தப்புச் செய்யவில்லை. ஊசி போட்ட நாளையும் ஒன்று என்று சேர்த்து எண்ணுகிறார். நம் பேச்சிலும் அந்தக் கணக்கு உண்டு. ஒரு வாரத்தை எட்டு நாள் என்போம், இரண்டு வாரத்தைப் பதினைந்து நாள் என்போம். ஏழும் ஏழும் எப்போது பதினைந்தாயிற்று? நிற்கிற நாளையும் சேர்த்துக்கொள்வதால்தான். வார்டில் நீங்கள் எண்ணுவது வேறு மாதிரி என்று எனக்குத் தெரியும். அதைப் பற்றி இப்போது வேண்டாம்.

அட்டைக்கு நான் பொறுப்பு. கொஞ்சம் அவகாசம் கொடு.

இப்படிக்கு,
மெய்ப்புத் திருத்துநர் (உன் அண்ணியும்கூட)

-

பிப்ரவரி 15, ஞாயிறு

அண்ணி அவர்களுக்கு,

வெள்ளிக்கிழமைதான். புதன்கிழமைதான் வந்தார். உங்கள் கெட்டிக்காரத்தனத்துக்கு ஒரு வணக்கம்.

ஆனால் கடிதத்தைப் படித்துச் சிரிக்கும் நிலையில் நான் இல்லை. போன செவ்வாய்க்கிழமை சமையல் கூடத்துப் பெண்ணைக் காலில் நாய் கடித்துவிட்டது. அந்த அம்மாவுக்கு இங்கே லவுட்ஸ்பீக்கர் என்று பெயர். சாப்பாடு தயார் என்று ஒரு குரல் கொடுத்தால் சுரங்கத்துக்குள் இருப்பவனுக்கும் கேட்கும். முதல் ஊசி போட்டேன், வெள்ளிக்கிழமை வர வேண்டியவள் வியாழனே வந்து நின்றாள். உங்கள் கடிதம் அப்போது எனக்கு வந்து சேரவில்லை. முன்கூட்டிப் போடக் கூடாது, நாளை வா என்றேன். கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன். "ஐம்பது பேருக்கு வேக வெச்சிட்டு இருக்கறதை அப்படியே போட்டுட்டு வந்தேன். என்னை நாய் மாதிரி விரட்டுறீங்க" என்று சொல்லிவிட்டுப் போனவள்தான். வெள்ளியும் வரவில்லை, சனியும் வரவில்லை. ஆள் அனுப்பினால் கதவைச் சாத்திக்கொள்கிறாள். பயமாக இருக்கிறது அண்ணி. கடித்த நாய் செத்துப்போய்விட்டது.

இன்று மாலை ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானே சமையல் கூடத்துக்குப் போகப் போகிறேன். காலில் விழச் சொன்னாலும் விழுந்துவிடுவேன்.

இவ்வளவு எழுதியபின் அடக்க முடியவில்லை, கேட்டுவிடுகிறேன். எந்த நாடு எந்த நாளை எப்படி எண்ணும் என்று அத்தனை பொறுமையாக எழுதுகிறீர்களே, என் அண்ணனை எடுக்க ஒரு நாள் உங்களால் பொறுக்க முடியவில்லையா? முகாம் அலுவலகத்துக்குச் செய்தி அனுப்பினீர்கள், 'போய்விட்டார், மூன்றாம் நாள் காலை எடுக்கிறோம், வந்துவிடு' என்று. மருந்தகத்தைப் பார்த்துக்கொள்ள வேறு நர்ஸ் வரும்வரை ஒரு நாள் இருந்துவிட்டு, கணக்குப் பார்த்துத்தான் கிளம்பினேன். பாதை சரிந்து கிடந்தது, நடந்தேன், லாரியில் தொற்றிக்கொண்டு வந்தேன். மூன்றாம் நாள் விடியும்போது வாசலில் நின்றேன். வீடு கழுவி விட்டிருந்தது. முந்தின நாளே முடிந்துவிட்டது என்றார்கள். எனக்கு அம்மா அப்பா முகம் நினைவில் இல்லை, அண்ணன் முகம்தான் நினைவில் இருந்தது. அதைக் கடைசியாக ஒரு தடவை பார்க்க விடாமல் அப்படி என்ன அவசரம் உங்களுக்கு?

அட்டையை அனுப்புங்கள். அதற்கு நன்றி சொல்வேன். இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

-

பிப்ரவரி 19, வியாழன்

நாத்தனாருக்கு,

பதில் எழுத வேண்டாம் என்றாய், எழுதவில்லை. கோபமாகவே இரு. அது உன் உரிமை, அதில் நான் கை வைக்க மாட்டேன்.

லவுட்ஸ்பீக்கர் அம்மா கையை நீட்டினாளா இல்லையா என்று தெரியாமல் உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்கு மெய்ப்பில் கண் நிற்கவில்லை. ஒரு செவ்வாய்க்குப் பக்கத்திலேயே இன்னொரு செவ்வாயை விட்டுவிட்டேன். நல்ல வேளையாக எந்திரக்காரர் பார்த்துவிட்டார். "ஒரு மாசத்தை எடுத்தவனை இன்னும் திட்டுறீங்க, இப்ப நீங்க ஒரு நாளைச் சேர்த்திருக்கீங்க, கணக்கு சரியாப் போச்சு" என்றார்.

அட்டையைப் பற்றி யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டு, டீ நேரத்தில் எல்லோரையும் கேட்டேன். செவ்வாய்க்கிழமை நாய் கடித்தால் மூன்றாம் நாள் எது?

எந்திரக்காரர் உடனே, "வியாழன். இதுல என்ன சந்தேகம்?" என்றார்.

பைண்டிங் செய்யும் அம்மா, "வெள்ளி. கடிச்ச அன்னிக்கு எண்ணுவாங்களா யாராவது? அழறதுக்கே நேரம் பத்தாது" என்றாள்.

கணக்கர் மட்டும் டீயை ஊதி ஊதிக் குடித்துவிட்டு, "காலையில கடிச்சுதா, பொழுது சாஞ்சு கடிச்சுதா? அதைச் சொல்லுங்க முதல்ல" என்றார். அவர் வீட்டில் பொழுது சாய்ந்ததும் அடுத்த நாள் பிறந்துவிடும். செவ்வாய் மாலை கடித்தால் அவருக்கு அது புதன்.

அப்புறம் நடந்த சண்டையை எழுத இந்தத் தாள் போதாது. மூன்று பேரும் நியாயமானவர்கள், மூன்று பேர் தொண்டையும் கட்டிக்கொண்டது. அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் எனக்கு ஒரு குரல் ஞாபகம் வந்தது. லாரிச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு, "மூணு ராத்திரி. எழுந்து கதவைத் திற, நிப்பேன்." உன் அண்ணன் என்றைக்காவது நாள் கணக்கு சொல்லி நீ கேட்டிருக்கிறாயா? எவ்வளவு தூரம் லோடு ஏற்றிப் போனாலும் ராத்திரிக் கணக்குதான். நான் அதைக் கிண்டல் செய்வேன். திருடன் மாதிரி ராத்திரியை எண்ணுகிறீர்களே என்பேன்.

உடனே கேட்டேன். செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் நடுவில் எத்தனை ராத்திரி? மூன்று பேரும் ஒரே வாயாக, "மூணு."

அவ்வளவுதான் விஷயம். எந்தப் பகலிலிருந்து எண்ணத் தொடங்குவது என்பதில்தான் உலகமே அடித்துக்கொள்கிறது. இரண்டு பகலுக்கு நடுவே கிடக்கிற ராத்திரியை யாரும் இரண்டு விதமாக எண்ண முடியாது. எத்தனையோ மொழிகளில் அந்தக் காலத்து ஆட்கள் நாளை விட்டுவிட்டு இரவைத்தான் எண்ணியிருக்கிறார்கள். காரணமில்லாமல் எண்ணியிருக்க மாட்டார்கள்.

மாதிரி அட்டைகளை இத்துடன் அனுப்புகிறேன். எழுத்தே கிடையாது, நிலாக்கள் மட்டும்தான். தினமும் காலையில் ஒரு நிலாவை அடிக்க வேண்டும். நிலா தீர்ந்த காலையில் மருந்தகத்துக்கு வர வேண்டும். முதலில் தூங்கும் முகம்தான் வரைந்தோம். சுரங்கத்தில் ராத்திரி ஷிப்ட் ஆட்கள் பகலில் தூங்குவார்களே என்று பைண்டிங் அம்மா கேட்டாள். அதனால் நிலாவாக மாற்றிவிட்டோம். தூங்கினாலும் தூங்காவிட்டாலும் அது வந்துவிட்டுத்தான் போகும்.

நன்றி சொல்வேன் என்று எழுதியிருந்தாய். அதை எனக்குச் சொல்லாதே. யோசனை யாருடையது என்று உனக்குத் தெரியும்.

அண்ணி

-

பிப்ரவரி 28, சனி

அண்ணி,

முதலில் நல்ல செய்தி. அன்று மாலை நான் ஐஸ் பெட்டியோடு போய் நின்றதும் லவுட்ஸ்பீக்கர் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சாப்பிட்டீங்களா?" என்றாள். இல்லை என்றேன். தட்டில் போட்டுக் கொடுத்துவிட்டு, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அப்புறம் கையை நீட்டினாள். அடுத்த ஊசியையும் அடுப்புப் பக்கத்திலேயே போட்டேன். இந்த வாரம் தானாகவே மருந்தகத்துக்கு வந்துவிட்டாள், உங்கள் அட்டையில் நிலாக்களை வரிசையாக அடித்துக்கொண்டு. காய்கறி நறுக்கும் இடத்தில் ஆணி அடித்து மாட்டி வைத்திருந்தாளாம். இப்போது எல்லாரும் அட்டை கேட்கிறார்கள். நாய் கடிக்காதவர்களும் கேட்கிறார்கள். ஊருக்குப் போகும் நாளை எண்ணுவதற்காம்.

இனி எழுதப்போவதை மூன்று தாள் கிழித்துவிட்டு எழுதுகிறேன்.

அந்த அம்மா வந்த அன்று, ரிஜிஸ்டரில் அவள் பெயருக்கு நேராக நான் எப்போதும் போல எழுதிக்கொண்டிருந்தேன். வரிசையின் தொடக்கத்தில், முதல் ஊசி, நாள் 0 என்று இருந்தது. அவளுக்கு எண் படிக்கத் தெரியும். எட்டிப் பார்த்தாள்.

"இது என்னது, முட்டை போட்டிருக்கீங்க?"

"அது பூஜ்யமாவது நாள். கடிச்ச அன்னிக்கு. மறுநாள்தான் ஒண்ணு."

ஒரு சிரிப்புச் சிரித்தாள் பாருங்கள், மருந்தகத்துக் கண்ணாடி அதிர்ந்தது. "பூஜ்யமாவது நாளா? அன்னிக்குத்தானே சிஸ்டர் உயிர் போற மாதிரி வலிச்சுது! எல்லாம் நடந்தது அன்னிக்கு, அதைப் போய் ஒண்ணுமில்லன்னு எழுதறீங்களே!"

நானும் சிரித்தேன். அவள் போனபின் கை அப்படியே நின்றுவிட்டது.

உங்கள் செய்தி வந்த அன்று, முகாம் அலுவலகத்துச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு விரல் விட்டு எண்ணினேன் அண்ணி. அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நாளைக்கு ஒன்று, நாளன்னிக்கு இரண்டு, அதற்கடுத்தது மூன்று. இங்கே எல்லாவற்றையும் அப்படித்தான் எண்ணுகிறோம். ஆப்பரேஷன் நடந்த நாள் பூஜ்யம், தையல் போட்ட நாள் பூஜ்யம். அண்ணன் செத்த நாளையும் பூஜ்யம் என்று எண்ணிவிட்டேன். நீங்கள் அதை ஒன்று என்று எண்ணியிருக்கிறீர்கள். அந்த வீட்டில் இருந்த யாருக்கும் அந்த நாள் பூஜ்யமாக இருந்திருக்க முடியாது.

நீங்கள் அவசரப்படவில்லை. சொன்ன நாளில்தான் எடுத்திருக்கிறீர்கள். நான்தான் இடையில் ஒரு நாள் இருக்கிறது என்று நம்பி, வேறு நர்ஸ் வரட்டும் என்று இங்கே உட்கார்ந்திருந்தேன்.

பிரசவ வார்டில் வேலை பார்த்தபோது ரிஜிஸ்டரில் ஒன்பது மாதம் என்று எழுதுவேன், பெற்றவள் பத்து மாதம் சுமந்தேன் என்பாள். மூத்த நர்ஸ் சொல்வார்கள், "ரெண்டும் சரிதான், அவ நிலாவை வெச்சு எண்ணுறா, நீ காலண்டரை வெச்சு எண்ணுற, குழந்தை ஒண்ணுதானே?" என்று. அதை அங்கே புரிந்துகொண்டவளுக்கு வீட்டு வாசலில் புரியவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் காலம் பூராவும் நாளையும் கிழமையையும் திருத்துகிறவர். ஐந்து நாள் கழித்து வந்த மனிதரைப் பார்க்காமலே அவர் எந்தக் கிழமை வந்தார் என்று சொன்னவர். இது உங்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. எப்போது தெரியும்? ஏன் சொல்லவில்லை?

நீங்கள் அனுப்பிய காலண்டர் இரண்டும் மருந்தகச் சுவரில்தான் இருக்கிறது. பழையதைக்கூட நான் கழற்றவில்லை.

-

மார்ச் 5, வியாழன்

வாலு,

உன் அண்ணன் வைத்த பெயரால் உன்னைக் கூப்பிட்டு எத்தனை காலமாயிற்று. கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன், முகம் கழுவினேன், மறுபடியும் படித்தேன். மூன்று தாள் கிழித்தாயாமே, நான் நாலு.

எப்போது தெரியும் என்று கேட்டாய். வாசலிலேயே தெரியும். சேறு அப்பிய காலோடு நின்றுகொண்டு நீ கத்தினாய், "மூணாம் நாள்னு நீங்கதானே சொன்னீங்க? மூணாம் நாள்தானே வந்திருக்கேன்!" அந்த நொடியே எனக்குப் புரிந்துவிட்டது. உனக்கு நீட்டிய தண்ணீர்ச் சொம்பு என் கையிலேயே இருக்கிறது. சொல்ல வாயெடுத்தேன். உன் முகத்தைப் பார்த்தேன், வாயை மூடிக்கொண்டேன்.

சொல்லியிருந்தால் என்ன ஆகும்? என் மேல் இருக்கிற கோபம் அத்தனையும் உன் மேலேயே திரும்பும். என் மேல் கோபம் என்றால் நீ என்னைத் திட்டலாம், கடிதம் போடாமல் இருக்கலாம், வேலையைப் பார்த்துக்கொண்டு வாழலாம். உன் மேலேயே கோபம் வந்தால் எங்கே போவாய்? அந்த மலையில், தனியாக, கையில் மருந்து அலமாரிச் சாவியோடு. எனக்கு அவர் போனதே போதும். அதனால் வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். ஒரு வருடத்தில் ஆறிவிடும் என்று நினைத்தேன். என் கணக்கும் தப்பித்தான் போயிற்று.

இப்போது நீயே கண்டுபிடித்துவிட்டாய், அதனால் மிச்சத்தையும் சொல்கிறேன். கணக்கில் தப்பு உன்னுடையது மட்டுமில்லை. கிழமையைச் சொல்லி அனுப்பியிருந்தால் வம்பே இல்லை. புதன் காலை என்று இரண்டு சொல். அது என் வாயில் வரவில்லை வாலு. அன்றைக்கு என்ன கிழமை என்றே எனக்குத் தெரியவில்லை. கிழமைகளைத் திருத்தித்தான் நான் சோறு தின்கிறேன், எனக்கே தெரியவில்லை.

காலையில் எடுப்பதாக இருந்தது. நீ வரவில்லை. "வந்துட்டே இருக்கா, வழியில இருக்கா" என்று சொல்லிச் சொல்லி மாலை வரை பிடித்து வைத்திருந்தேன். பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். எங்கள் கணக்கரும் வந்திருந்தார். பொழுது சாயும் நேரத்தில் மெதுவாக என் பக்கத்தில் வந்து, "அம்மா, எங்க கணக்குப்படி அடுத்த நாளே பிறக்கப் போகுது" என்றார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அவர் தலைமாட்டில் நின்று, உன் பேரைச் சொல்லி, வாலு வந்துகொண்டே இருக்கிறாள் என்று சொல்லித்தான் அனுப்பி வைத்தேன்.

உனக்கு நான் நன்றி சொன்னதே இல்லை. பாதை இல்லாத பாதையில் நடந்து, யார் யார் லாரியிலோ ஏறி, செருப்பு அறுந்து நீ வந்தாய். பார்க்க முடியாமல் போனதைத்தான் நீ நினைக்கிறாய். எனக்கு நீ வந்து நின்றதுதான் நினைவில் இருக்கிறது. அந்த வாசலில் அவருக்காக என்னைவிடச் சத்தமாக அழ ஒரு ஆள் இருந்தது. அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் நான் அந்த வாரத்தைத் தாண்டினேன். திட்டினால் என்ன? வீடு அத்தனை அமைதியாக இருந்தது, யாராவது கத்த மாட்டார்களா என்று இருந்தது.

இன்னொரு செய்தி. அட்டையைப் பார்த்துவிட்டு வேறு இரண்டு மருத்துவமனைகள் கேட்டிருக்கின்றன. கீழே அச்சகத்தின் பெயர் போடும் இடத்தில், சின்னதாக ஒரு லாரி வரைந்துவிட்டேன். யாருக்கும் ஏன் என்று தெரியாது. எந்திரக்காரர் மட்டும் கேட்டார், சொன்னேன். அன்று முழுக்க மூக்கை உறிஞ்சிக்கொண்டே மெஷின் ஓட்டினார்.

லீவு கிடைத்தால் வா. எப்போது என்று நான் சொல்ல மாட்டேன். நான் நாள் சொன்ன லட்சணம்தான் தெரியுமே.

உன் அண்ணி

-

மார்ச் 14, சனி

அன்புள்ள அண்ணி,

லீவு கிடைத்துவிட்டது. வேறு நர்ஸ் இப்போதே வந்துவிட்டாள், அவளிடம் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டுத்தான் கிளம்புவேன். லவுட்ஸ்பீக்கர் அம்மாவுக்குக் கடைசி ஊசியும் போட்டாயிற்று. உங்களிடம் போகிறேன் என்று தெரிந்ததும், வழிக்குக் கட்டுச்சோறு நானே கட்டுவேன் என்று முகாம் முழுக்கக் கேட்கும்படி அறிவித்துவிட்டாள்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு வெளியே வந்து பாறையில் உட்கார்ந்தேன். அண்ணன் மாலை வரை எனக்காகக் காத்திருந்தார் என்பது எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை, நானும் யாரையும் சொல்ல விடவில்லை. இரண்டு வருடமாக நான் உங்கள் மேல் இறக்கி வைத்த பாரத்தை, இறக்கி வைத்தது யார் என்றுகூடச் சொல்லாமல் சுமந்திருக்கிறீர்கள். பெற்றவள் பத்து மாதம் சுமப்பாள். நீங்கள் எத்தனை என்று எந்தக் காலண்டரை வைத்து எண்ணுவது? எனக்குத் தெரியவில்லை. நன்றி என்ற சொல்லை எழுதிப் பார்த்தேன், சின்னதாக இருக்கிறது. இருந்தாலும் இருக்கட்டும். நன்றி அண்ணி. காலண்டர்களுக்கு நன்றி, நிலாக்களுக்கு நன்றி, வாயை மூடிக்கொண்டதற்கு நன்றி, கடைசியில் திறந்ததற்கும் நன்றி.

இனி கவனமாகப் படியுங்கள். நான் ஏப்ரல் 3, வெள்ளிக்கிழமை காலை வருகிறேன். முழு நிலாவுக்கு மறுநாள். நடுராத்திரியில் நாள் பிறக்கிறவர்களுக்கும் அது வெள்ளி, சூரியன் வந்தால்தான் நாள் என்பவர்களுக்கும் வெள்ளி, உங்கள் கணக்கருக்கும் வெள்ளிதான், ஏனென்றால் பொழுது சாயும்வரை நான் காக்க வைக்கப் போவதில்லை. மூன்று பேரிடமும் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். எந்திரக்காரர் மட்டும் நடுவில் எந்த நாளையும் எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இத்துடன் ஓர் அட்டை வைத்திருக்கிறேன், மூன்று நிலா உள்ளது. அதைத் தொடங்க வேண்டியது மார்ச் 31, செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு எதையும் அடிக்காதீர்கள். மறுநாள் காலையிலிருந்து காலைக்கு ஒன்றாக அடியுங்கள். மூணு ராத்திரி. எழுந்து கதவைத் திறங்க, நிப்பேன்.

அன்றைக்கு நீட்டினீர்களே, அதே சொம்பில் தண்ணீர் வையுங்கள். இந்தத் தடவை குடித்துவிட்டுத்தான் மறுவேலை.

உங்கள்
வாலு